ஸ்பிரிங்கை மாற்றும் முன்: ஏர் ரைஃபிள் எப்படிச் சுடுகிறது, ஏன் குறி தவறுகிறது

"என் ஏர் ரைஃபிள் குறி தவறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு, ஹெவி ஸ்பிரிங் போடுங்க" என்பார்கள். மீதிப்பேர் எண்ணெய் விடச் சொல்வார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அநேகமாக நிலைமை முன்பைவிட மோசமாகும். காரணம் எளிது. சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. "ஸ்பிரிங் குண்டைத் தள்ளுகிறது, ஆகவே பலமான ஸ்பிரிங் என்றால் நேராகப் போகும்" என்பதுதான் மனதில் இருக்கும் படம். அந்தப் படம் தவறு.

இங்கே பேசுவது ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டும். பேரலை மடக்கியோ, அடியிலோ பக்கத்திலோ உள்ள நெம்புகோலை இழுத்தோ ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டிச் சுடும் வகை இது. சிலிண்டரில் காற்றை 200 பார் அழுத்தத்துக்கு அடைத்துவைத்துச் சுடும் பிசிபி ரைஃபிள்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது.

ஸ்பிரிங் குண்டைத் தொடுவதே இல்லை

சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வெளிவரும் துளையை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு கைப்பிடியை வேகமாகக் கீழே அழுத்துங்கள். கொஞ்ச தூரம் இறங்கும். பிறகு உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்து நிற்கும். கைப்பிடி மேலே எகிறும். நாலைந்து முறை அழுத்தினால் பம்பின் அடிப்பாகம் சுடும். விரலைச் சட்டென்று எடுத்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும்.

ரைஃபிளுக்குள் நடப்பதும் இதேதான். கைக்குப் பதிலாக அங்கே ஸ்பிரிங் இருக்கிறது. கைப்பிடித் தண்டுக்குப் பதிலாக பிஸ்டன், அதாவது ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் கனமான இரும்பு உருளை. காற்று கசியாமல் இருக்க அதன் முன்முகத்தில் ஒரு வாஷர் உண்டு. பழைய துப்பாக்கிகளில் தோல், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் வகை. விரல் அடைத்த இடத்தில் பெல்லட் உட்கார்ந்திருக்கிறது. ஈயத்தில் செய்த, நடுவில் இடுப்பு ஒடுங்கிய சிறு குண்டு அது. நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது 4.5 மி.மீ. குறுக்களவு, எடை ஏறக்குறைய அரை கிராம்.

டிரிக்கரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நசுக்குகிறது. நசுங்கிய காற்று, ஒரு சிறு துளை வழியாகப் பாய்ந்து பெல்லட்டைப் பேரலுக்குள் தள்ளுகிறது. ஆக, பெல்லட்டை ஓட்டுவது காற்று. ஸ்பிரிங்கின் வேலை அந்தக் காற்றைச் சூடாகவும் அழுத்தமாகவும் ஆக்குவதோடு முடிந்துவிடுகிறது.

நூறில் ஒரு பங்கு விநாடி

இவ்வளவும் சுமார் நூறில் ஒரு பங்கு விநாடியில் முடிகிறது. அதற்குள் நடப்பவற்றின் வரிசை முக்கியம்; குழப்பங்கள் எல்லாம் பிறப்பது இங்கேதான்.

முதலில் பிஸ்டன் முன்னால் ஓடுகிறது. ஒரு பொருள் முன்னால் ஓடினால் அதைத் தாங்கியிருப்பது பின்னால் போயாக வேண்டும். எனவே துப்பாக்கி தோளை நோக்கி நகர்கிறது. எவ்வளவு? பிஸ்டனும் அதோடு நகரும் ஸ்பிரிங் பாகமும் சேர்ந்து 300 கிராம், ஓடும் தூரம் 8 செ.மீ., துப்பாக்கியின் எடை மூன்றரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் துப்பாக்கி கிட்டத்தட்ட 7 மி.மீ. பின்னால் நகர விரும்புகிறது. இத்தனை நகர்வு நடந்து முடியும்வரை பெல்லட் அநேகமாக இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது! பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசியை நெருங்கி, அழுத்தம் உச்சத்தைத் தொடும்போதுதான் அது கிளம்புகிறது.

அடுத்து, நசுங்கிய காற்று பிஸ்டனைத் தடுத்து, சற்றுப் பின்னுக்கும் எகிற வைக்கிறது. பம்பின் கைப்பிடி எகிறியதே, அது. அந்த நொடியில் துப்பாக்கியின் நகர்வும் திசை மாறுகிறது. பின்னால் போய்க்கொண்டிருந்தது முன்னால் துள்ளுகிறது. பெல்லட் பேரலுக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்தத் துள்ளலின் நடுவில்.

மற்ற துப்பாக்கிகளில் உதைப்பு ஒரே பக்கம்தான், பின்பக்கம். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் உதைப்பு இரண்டு: முதலில் பின்னால், உடனே முன்னால். வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த நல்ல ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கூட ஏர் ரைஃபிளில் மாட்டினால் சில நாட்களில் உள்ளே கழன்றுபோவது இந்த முன்பக்கத் துள்ளலால்தான். அதைத் தாங்கும்படி அவற்றின் லென்ஸ்கள் பொருத்தப்பட்டிருப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெல்லட்டைத் தள்ளுவது காற்று, அது பேரலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி இரண்டு பக்கமும் நகர்ந்துவிடுகிறது. அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் பெல்லட்டும் ஒரே இடத்தில் விழும். மாறினால் சிதறும்.

வேகம் கூடினால் என்ன லாபம்?

இப்போது பலமான ஸ்பிரிங் ஆசையைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட், 10 மீட்டர் தூரத்தில் புவியீர்ப்பால் 16 மி.மீ. கீழே இறங்கும். 280 மீட்டர் வேகத்தில் போனால் 6 மி.மீ. இறங்கும். வித்தியாசம் 10 மி.மீ. ஆனால் இந்த இறக்கம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு. பின்சைட்டை, அதாவது பின்பக்கம் உள்ள குறிபார்க்கும் பாகத்தை, ஒருமுறை உயர்த்திவைத்தால் கணக்குத் தீர்ந்தது. வேகத்தைக் கூட்டி நாம் தீர்த்த பிரச்சினை, ஒரு திருகில் தீர்ந்துபோகிற பிரச்சினை.

வேகம் சீராக இல்லாவிட்டால்? 175-க்குப் பதில் ஒரு குண்டு 165 மீட்டரில் போகிறது என்று வையுங்கள். 10 மீட்டரில் அது 2 மி.மீ. மட்டுமே கூடுதலாக இறங்கும்.

துப்பாக்கியின் முனை நகர்வதை இதோடு ஒப்பிடுங்கள். தோளில் கட்டை நிலையாக இருக்க, ஒரு மீட்டர் தள்ளியுள்ள முனை 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் பெல்லட் சுமார் 1 செ.மீ. விலகும். 2 மி.மீ. எங்கே, 10 மி.மீ. எங்கே! பலமான ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் இன்னும் வேகமாகப் போய் மோதும், இன்னும் பலமாக எகிறும், இரண்டு உதைப்புகளும் கடுமையாகும். வேகத்தில் கிடைக்கும் லாபமோ சொற்பம். குழாயின் கொள்ளளவும் காற்று பாயும் துளையின் அளவும் மாறாதபோது ஸ்பிரிங் மட்டும் எவ்வளவுதான் செய்யும்? சின்னப் பிழையைக் குறைக்கப் போய்ப் பெரிய பிழையைப் பெருக்குகிறோம்.

துல்லியத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் போன பாதையைப் பார்த்தாலும் இது புரியும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டே அதைப்போல் ஒன்பது மடங்கு. அப்படிப்பட்ட போட்டிக்கென 1960களில் ஜெர்மனியின் டயானா நிறுவனம், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை ஒரே துப்பாக்கியில் வைத்தது. ஒன்று காற்றை நசுக்கும். மற்றது உதைப்பை ரத்து செய்ய மட்டும் பின்னால் ஓடும். அதே நாட்டின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம், சுடும் கணத்தில் பேரலும் பிஸ்டன் குழாயும் சேர்ந்து சிறு தண்டவாளத்தில் பின்னால் சறுக்கும்படி செய்தது. தோளில் இருக்கும் மரக்கட்டைக்கு உதைப்பே தெரியாது. அவர்களுடைய 300எஸ் ரைஃபிளை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. இவற்றின் வேகமெல்லாம் விநாடிக்கு 200 மீட்டரைத் தொடவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சேர்ந்த பிறகு போட்டித் துப்பாக்கிகள் ஸ்பிரிங்கையே கைவிட்டு, அடைத்துவைத்த காற்றுக்கு மாறின. அப்போதும் வேகத்தை ஏற்றவில்லை.

குரூப்பிங் வேறு, ஜீரோ வேறு

பழுது தேடும் முன் இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ஒரு குண்டு சுடுகிறார்கள், இடதுபக்கம் விழுகிறது. சைட்டை வலதுக்குத் திருகுகிறார்கள். அடுத்தது வலதுபக்கம் தள்ளி விழுகிறது. மறுபடி இடதுக்கு. ஒரு டப்பா பெல்லட் தீரும்வரை இந்த விளையாட்டு நடக்கும்.

ஒரே இடத்தைக் குறிவைத்து, எதையும் தொடாமல் ஐந்து குண்டு சுட்டால் காகிதத்தில் ஒரு கொத்தாகத் துளைகள் விழும். அந்தக் கொத்தின் அகலம்தான் குரூப்பிங். கொத்து எங்கே விழுந்தாலும் கவலையில்லை. எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதே கேள்வி. நெருக்கமான கொத்தை அப்படியே நகர்த்தி, குறிவைத்த புள்ளிக்குக் கொண்டுவருவது ஜீரோ செய்தல். சைட்டின் திருகுகள் இரண்டாவது வேலைக்கு மட்டுமே உதவும். சிதறிய கொத்தை எந்தத் திருகும் ஒன்று சேர்க்காது.

ஆகவே முதலில் குரூப்பிங், அது திருப்தியான பிறகே ஜீரோ. ஒற்றைத் துளையைப் பார்த்துத் திருகைத் தொடவே கூடாது.

எங்கே தேடுவது?

மலிவானதிலிருந்தும் சுலபமானதிலிருந்தும் தொடங்குவதே முறை. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

பெல்லட்டுதான் முதல் சந்தேக நபர். டப்பாவில் 4.5 என்று போட்டிருந்தாலும் தலையின் அளவு 4.50, 4.51, 4.52 என்று மாறும். பேரலுக்குள் திருகுபோல் ஓடும் காடிகள் பெல்லட்டைச் சுழலவைத்து நேராக அனுப்புகின்றன. பெல்லட் தளர்வாக இருந்தால் அழுத்தம் ஏறும் முன்பே கிளம்பிவிடும். மிக இறுக்கமாக இருந்தால் தாமதிக்கும். இரண்டிலும் அது வெளியேறும் கணம் துள்ளலின் வேறொரு கட்டத்தில் விழும். எந்தப் பெல்லட் உங்கள் பேரலுக்குப் பிடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மூன்று நான்கு வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் சில கொத்துகள் சுட்டுப் பார்ப்பதே வழி. பின்விளிம்பு நசுங்கிய பெல்லட்டுகளைத் தனியே எடுத்துவிடுங்கள். இரும்பு உருண்டையோ ஊசி அம்போ காடி உள்ள பேரலில் போடவே வேண்டாம். காடிகள் தேய்ந்துபோனால் பேரலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து திருகுகள். இரட்டை உதைப்பு எல்லாத் திருகுகளையும் கழற்றப் பார்க்கும். கட்டையோடு பிடித்திருக்கும் முன்திருகுகள், டிரிக்கர் காப்பின் திருகுகள், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் மவுண்டின் திருகுகள் எல்லாவற்றையும் சரிபாருங்கள். நேற்றுவரை ஒழுங்காகச் சுட்டது இன்று திடீரென்று சிதறினால் பத்துக்கு எட்டு தடவை இங்கேதான் காரணம் இருக்கும் என்பது என் எண்ணம். பேரலை மடக்கும் வகையானால், மூடிய பிறகு பேரலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அச்சாணித் திருகைக் கவனிக்க வேண்டும்.

பிறகு பிடி. இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது, ஆனால் பெரும்பாலான சிதறலுக்கு உரிமையாளர் நாமே. துப்பாக்கி துள்ளத்தான் போகிறது. இறுக்கிப் பிடித்து அதை நிறுத்த முடியாது. இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் துள்ளலும் மாறும். முன்னால் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா படுக்க வையுங்கள். அதே இடத்தில், அதே அளவு, அவ்வளவுதான். தோளில் அழுத்தம் லேசாக. டிரிக்கரை இழுத்தபின்பும் பெல்லட் காகிதத்தில் விழும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். மேஜையின் விளிம்பிலோ சுவரிலோ நேரடியாகச் சாய்த்துச் சுட்டால், கெட்டியான பரப்பு துள்ளலைத் திருப்பி அடிக்கும். நிலையாக இருப்பதுபோல் தோன்றினாலும் குண்டு எங்கேயோ போகும்.

மூன்றும் சரியாக இருந்தும் கொத்து மேலும் கீழுமாக நீண்டால் வேகம் சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம், சற்றுத் தொலைவான இலக்கில் குறிப்பாக. பேரல் வந்து மூடும் மூட்டில் காற்று கசியாமல் அடைக்கும் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். ஒரு துண்டு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அந்த மூட்டின்மேல் வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான இலக்கில் சுட்டுப் பாருங்கள். காகிதம் பறந்தால் காற்று கசிகிறது. ஓ-ரிங்கின் விலையோ சில ரூபாய்.

துளைகள் இரண்டு தனித்தனிக் கொத்தாக விழுந்தால் ஸ்கோப்பைப் பாருங்கள். அது மவுண்டோடு சேர்ந்து நகர்கிறதா என்று ஒரு பென்சில் கோடு போட்டுவைத்தால் தெரியும். நகரவில்லை என்றால் பேரலாக்ஸாக இருக்கலாம். கண்ணைச் சற்று நகர்த்தும்போது ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரிவதற்கு அந்தப் பெயர். தொலைதூரத்துக்கெனச் செய்த ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால் இது அதிகம். அருகிலுள்ள தூரத்துக்குச் சரிசெய்யும் வளையம் உள்ளதை வாங்குவதே தீர்வு.

சுருக்கமாக வரிசை இது: பெல்லட், திருகு, பிடி, மூட்டு, ஸ்கோப். ஸ்பிரிங் இந்த வரிசையில் இன்னும் வரவில்லை.

எண்ணெய் விடலாமா?

வெளி உலோகத்தில் துரு வராமல் மெல்லிசாகத் தடவலாம், மடக்கும் மூட்டில் ஒரு சொட்டு விடலாம். காற்று நசுங்கும் அறைக்குள் மட்டும் தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போகக் கூடாது. நசுங்கும் கணத்தில் அங்குள்ள காற்று பல நூறு டிகிரி சூடாகிறது. எண்ணெய் ஆவி இருந்தால் பற்றிக்கொள்ளும். பிளக் இல்லாமலே டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றுவது இதே முறையில்தான் என்பதால் இதற்கு டீசலிங் என்று பெயர். பட்டென்ற பெரிய சத்தம், முனையில் புகை, கருகிய வாசனை. "அடடா, என்ன பவர்!" என்று மகிழ்பவர்களும் உண்டு. அந்த வெடிப்பு பிஸ்டனைத் திருப்பி அடித்து வாஷரையும் ஸ்பிரிங்கையும் உடைக்கும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை எண்ணெய் இருப்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் புகை வருவது இயல்பு; தானே அடங்கிவிடும்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் இதே அளவு கேடு. எதிர்த்து நிற்கக் காற்று இல்லாததால் பிஸ்டன் நேரே போய் இரும்பில் மோதும்.

ஸ்பிரிங் உண்மையிலேயே போய்விட்டால்

போகாமலில்லை. மணிக்கணக்கில் பூட்டியபடியே வைத்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும். ஒடிந்தால் பேரலை மடக்கும்போது நறநறவென்று உரசும். சுட்டதும் 'டொய்ங்' என்று நீண்ட அதிர்வுச் சத்தம் வந்தால், ஸ்பிரிங்குக்கும் அதன் நடுவில் நிற்கும் வழிகாட்டித் தண்டுக்கும் இடையில் தளர்வு அதிகம் என்று பொருள். பொருத்தமான தண்டும் கெட்டியான கிரீஸும் அதை அடக்கும். நல்ல டியூனிங் என்றால் பெரும்பாலும் இந்த வேலைதான்: அதிர்வைக் குறைப்பது.

கழற்றும் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பூட்டாத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. பின்முனைப் பூட்டை எடுத்த நொடியில் அது சீறி வெளியேறும். அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற சட்டகம் வேண்டும். அது இல்லாதவர்கள் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பேரலை மடக்கிக் குண்டு போடும்போதும் மறுகை பேரலைப் பிடித்தபடியே இருக்கட்டும். டிரிக்கர் தவறி விடுபட்டால் பேரல் திரும்பி வந்து விரலை நசுக்கிவிடும்.

மாற்றுகிறபோது தயாரிப்பாளர் சொன்ன அதே ஸ்பிரிங்கையே போடுங்கள். இதற்குத் துல்லியம் மட்டும் காரணமல்ல. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி குண்டின் குறுக்களவு 4.5 மி.மீ.க்கும், முனையை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. எல்லையைத் தாண்டினால் தேவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த எல்லை 12 அடி-பவுண்ட், அதாவது ஏறக்குறைய 16 ஜூல். ஜெர்மனியில் உரிமமின்றி வாங்கலாம் என்பதைக் காட்டும் எஃப் முத்திரையோடு விற்பவை 7.5 ஜூலுக்குள் இருக்க வேண்டும். ஜூல் கணக்கு எளிது: எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 283 மீட்டரில் போனால் சரியாக 20 ஜூல் வரும். பெட்டியில் அச்சடித்திருக்கும் "1000 எஃப்.பி.எஸ்." (விநாடிக்கு 1000 அடி) என்பது 305 மீட்டர். அரை கிராம் ஈயத்துக்கு அந்த வேகம் உண்மையாக இருந்தால் 23 ஜூல் ஆகிவிடும். அந்த எண் பெரும்பாலும் மிக லேசான உலோகக்கலவைப் பெல்லட்டை வைத்து எடுத்தது. அதே வேகத்தில் 0.35 கிராம் பெல்லட்டுக்கு 16 ஜூல்தான். உங்கள் துப்பாக்கியின் நிஜ எண் வேண்டுமென்றால் பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் கருவி உள்ள ரைஃபிள் கிளப்பில், நீங்கள் வழக்கமாகப் போடும் பெல்லட்டையே போட்டு அளந்து பாருங்கள்.